நெடுந்தீவு அருகே…

"நெடுந்தீவு அருகே மீன்பிடித்துக்கொண்டிருந்த காரைக்கால் மீனவர்கள் கைது."

இந்த வரியை எத்தனை தடவை படிச்சிருப்பீங்க? காரைக்கால் என்ற இடத்தில் ஒருநாள் நாகை வரும், ஒருநாள் ராமேஸ்வரம், ஒருநாள் புதுக்கோட்டை. மாறாமல் நிற்பது "நெடுந்தீவு அருகே" மட்டும்தான். டீக்கடையில் பேப்பரைப் புரட்டும்போது கண் அதைத் தாண்டிப் போயிடும்.

சரி, அந்த நெடுந்தீவில் யார் இருக்காங்க? வீடு இருக்கா? ஆஸ்பத்திரி இருக்கா? ராத்திரி ஒரு பொம்பளைக்கு வலி எடுத்தா என்ன பண்ணுவாங்க?

எனக்கும் தெரியாது. 2025 ஜனவரி 28 வரைக்கும் தெரியாது.

அன்று அதிகாலை நெடுந்தீவுப் பக்கம் இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடித்தபோது துப்பாக்கி வெடித்தது. காரைக்காலில் இருந்து போன படகு. காரைக்கால், நாகை, மயிலாடுதுறை ஆட்கள் கலந்து 13 பேர். இரண்டு பேருக்குப் பலத்த காயம், மூன்று பேருக்கு லேசான காயம். கைகலப்பில் தவறுதலாக வெடித்தது என்றது அவங்க கடற்படை. டெல்லியில் இலங்கைத் தூதரக அதிகாரியைக் கூப்பிட்டுக் கண்டித்தது நம்ம அரசு. அடிபட்டவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள்.

எங்க ஓபிக்கு வர்றவங்களில் பாதிப்பேர் கடலோர ஊர்க்காரங்க. அந்த வாரம் முழுக்க பிரஷர் பார்க்க வந்தவங்க வாயில் இதே பேச்சு. அப்போதான் மேப்பை எடுத்து அந்தத் தீவைத் தேடினேன். சில மாதம் கழிச்சு லீவு போட்டுட்டு ஒரு பகல் அங்கே போயிட்டும் வந்தேன். வாங்க, உங்களையும் கூட்டிட்டுப் போறேன். நீளமான பதிவு, டீயை எடுத்துக்கோங்க.

மேப்பில் காரைக்கால் மேல ஒரு ஸ்கேலை வைத்து நேரா தெற்கே கோடு போடுங்க. வேதாரண்யத்தைத் தாண்டி, கோடியக்கரையைத் தாண்டி, பாக் ஜலசந்தியைக் கடந்து கோடு நெடுந்தீவுப் பக்கம்தான் போய் முட்டும். சுமார் 160 கிலோமீட்டர். நம்ம தலைநகரம் புதுச்சேரிக்கு ரோட்டில் போனா 130-க்கு மேல. அதுக்கும் வழியெல்லாம் தமிழ்நாட்டைக் கடக்கணும். ஒரு வகையில் நாமளும் தீவுக்காரங்கதான், நம்மைச் சுற்றி இருப்பது தண்ணி இல்லை, அவ்வளவுதான்.

நேரா போக வழி இல்லை. நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் இருக்கு. அது முதல்ல காரைக்காலில் இருந்துதான் கிளம்பும்னு பேச்சு அடிபட்டது ஞாபகம் இருக்கா? கடைசியில் 2023 அக்டோபர் 14-ல் நாகையில் இருந்து கிளம்பியது. சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில் வேறு கப்பலோடு மறுபடி ஆரம்பித்தது. கடல் குணம் பார்த்து நிறுத்துவாங்க, அதனால் மழைக்காலத்தை நம்பிப் போகாதீங்க.

யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு. தீவுகளைக் கடல்மேல் போட்ட ரோடுகள் இணைக்குது. இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்தில் தண்ணி. முப்பது கிலோமீட்டருக்கு மேல போனதும் குறிகட்டுவான் இறங்குதுறை. ரோடு அங்கே முடியுது. அதுக்கப்புறம் படகுதான்.

அங்கே இரண்டு வரிசை நிக்கும். நயினாதீவுக்குப் போகிற வரிசை பெரிசு. நாகபூசணி அம்மன் கோயிலுக்குத் தமிழர்களும் நாகதீப விகாரைக்குச் சிங்களவர்களுமா கூட்டம். நெடுந்தீவு வரிசை சின்னது. அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள், ஸ்கூல் டீச்சர்கள், கையில் பிளாஸ்டிக் கவரில் எக்ஸ்ரே வைத்திருக்கும் ஒரு பெரியவர். சுற்றுலாப் பயணி என்று பார்த்தா நானும் இன்னும் நாலு பேரும். ஒரு மணி நேரப் பயணம். படகுக்குள்ளே டீசல் வாசம் தலையைச் சுத்தும், மேல உட்காருங்க.

தீவில் இறங்குகிற இடத்துக்கு மாவிலித்துறை என்று பேர். இறங்கினதும் ஒரு நினைவிடம் கண்ணில் படும். நான் நின்று பார்க்கப் போனேன். ஆட்டோ அண்ணன், "அதைத் திரும்பி வரேக்க பாப்பம், இப்ப வெயில் ஏற முதல் சுத்துவம்" என்றார். அவர்தான் அன்றைக்கு எங்க வழிகாட்டி. ஐம்பத்தைந்து வயசு இருக்கும்.

"எந்த ஊர், தம்பி?"

"காரைக்கால்."

ஆட்டோவை ஸ்டார்ட் பண்ணினவர் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் ஒண்ணும் சொல்லாம ஓட்டினார்.

தீவு சுமார் 50 சதுர கிலோமீட்டர். இப்போ நாலாயிரம் பேர் அளவில் இருக்காங்க. போருக்கு முன்னாடி இதைவிட நிறைய. தட்டையான நிலம், பனைமரம், எங்கே பார்த்தாலும் பவளப்பாறைக் கல்லை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின வேலி. சுண்ணாம்பு இல்லை, சிமெண்ட் இல்லை, கல்லு கல்லைப் பிடிச்சுட்டு நிக்குது. எனக்கு அந்தத் தீவிலேயே ரொம்பப் பிடிச்சது இந்த வேலிதான். எந்த ராஜாவும் கட்டினது இல்லை. தோட்டத்தைக் கொத்தும்போது வந்த கல்லை வீட்டுக்காரன் ஓரமா அடுக்கினான், அவ்வளவே.

ராஜாக்கள் கட்டினதும் இருக்கு. 1619-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த போர்ச்சுகீசியர் இந்தத் தீவுக்கு வைத்த பெயர் "பசுக்களின் தீவு". 1658-ல் அவங்களை விரட்டிய டச்சுக்காரர்களுக்கு ஊர் ஞாபகம் ஜாஸ்தி போல. வேலணை லெய்டன் ஆச்சு, காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆச்சு, புங்குடுதீவு மிடில்பர்க் ஆச்சு, நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆச்சு. மற்ற பெயரெல்லாம் உதிர்ந்துபோச்சு. டெல்ஃப்ட் மட்டும் இன்னும் ஆங்கிலத்தில் ஒட்டிக்கிட்டு இருக்கு. நம்ம வெளியுறவுத்துறை அந்த ஜனவரி அறிக்கையில் எழுதினதும் "டெல்ஃப்ட் தீவு" என்றுதான்.

கோட்டை இரண்டு மாடி, அதே பவளக்கல், கூரை போய் சுவர் மட்டும். போட்டோ எடுக்க அஞ்சு நிமிஷம் போதும்.

அதுக்குப் பக்கத்தில்தான் என் கால் நின்றது. டச்சுக்காலத்து ஆஸ்பத்திரி என்று காட்டுகிற இடிபாடு. கூடவே ஒரு புறாக்கூடு. சதுரமான கல்தூண் மேல பொந்து பொந்தா ஒரு சின்னக் கோபுரம். யாழ்ப்பாணக் கோட்டைக்குப் புறாவில் செய்தி அனுப்பினாங்களாம்.

நேர்க்கோட்டில் பார்த்தா கோட்டை 40 கிலோமீட்டருக்குள்தான். நல்லாப் பழக்கின புறா ஒரு மணி நேரத்துக்குள்ள போயிடும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ரெஃபரல் சீட்டு! (ஐரோப்பாவில் புறாக்கூடு கட்டினது பெரும்பாலும் கறிக்காக. இங்கேயும் செய்தி கொண்டு போன புறாவைவிட சூப்பில் முடிந்த புறா அதிகமா இருக்கும்னு என் சந்தேகம். அண்ணனிடம் சொன்னேன், சிரிக்கவே இல்லை.)

செய்தி ஒரு மணி நேரத்தில் போயிடும், சரி. நோயாளி எவ்வளவு நேரத்தில் போவார்? இதை வைத்துக்கோங்க, திரும்ப வருவோம்.

அடுத்த சில இடங்களை வேகமா ஓட்டிடறேன். "வளரும் கல்" என்று ஒண்ணு காட்டுவாங்க. நிற்கிற பவளக்கல், வருஷாவருஷம் வளருதாம். எனக்குத் தெரிஞ்சு கிட்னியில் இருக்கிற கல்லும் பித்தப்பையில் இருக்கிற கல்லும்தான் வளரும். ராட்சசன் கால்தடம் ஒண்ணு இருக்கு, பெரிய கால். பெருக்கமரம் ஒண்ணு இருக்கு, அது நிஜமாவே பார்க்க வேண்டியது. ஆப்பிரிக்காவில் இருந்து அரபு வணிகர்கள் கொண்டுவந்ததுன்னு சொல்வாங்க. நம்ம ராமநாதபுரம் பக்கம் பொந்தன்புளி என்பாங்களே, அதே ஜாதி. அடிமரப் பொந்துக்குள் ஆள் போய் நிற்கலாம். உள்ளே குளுகுளுன்னு இருந்தது.

வெடியரசன் கோட்டைக்கு வந்தா கொஞ்சம் நிற்கணும், ஏன்னா அங்கே நம்ம ஊர் வருது.

வெடியரசன் நெடுந்தீவை ஆண்ட தலைவன் என்று ஒரு நாட்டுக் கதை இருக்கு. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேணும். அதைத் தேடி காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்து மீகாமன் கப்பலோட்டி வர்றான். வெடியரசன் மறிக்கிறான். நடுக்கடலில் சண்டை. காவிரிப்பூம்பட்டினம், அதாவது பூம்புகார், காரைக்காலில் இருந்து வண்டியில் ஒரு மணி நேரம். நம்ம பக்கத்துப் படகு, அவங்க பக்கத்துக் காவல், நடுக்கடலில் மறிப்பு. கதை எந்தக் காலத்துதோ, செய்தி இன்றைக்குக் காலைப் பேப்பரில் வந்த மாதிரி இருக்கு.

கோட்டை என்று பேரே தவிர இருப்பது கல் மேடுகள். அது பௌத்தத் தூபிகளின் எச்சம் என்கிறது தொல்லியல் துறை. "அப்ப இது யாருடைய பூமி?" என்ற சண்டை அங்கே உடனே ஆரம்பிச்சிடும். நாகப்பட்டினத்துக்காரங்களுக்கு இது வேடிக்கையாத்தான் இருக்கும். ராஜராஜ சோழன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகையில் சூளாமணி விகாரை கட்டினான், சோழன் அதுக்கு ஊரையே எழுதிக் கொடுத்தான். அந்த ஊர்ப் பௌத்தக் கோபுரத்தில் மிஞ்சியதை 1867-ல்தான் இடிச்சாங்க. பௌத்தம் இருந்தா அந்த இடம் தமிழருடையது இல்லைன்னு ஆகிடுமா? நான் அண்ணனிடம் இதைச் சொன்னப்போ, "இதை எழுதிப் போடுங்கோ தம்பி" என்றார். போட்டாச்சு.

இனி குதிரை. நெடுந்தீவு என்றாலே சுற்றுலா விளம்பரத்தில் வர்றது காட்டுக் குதிரைகள்தான். தெற்குப் பக்கம் புல்வெளியில் நின்றுகொண்டிருக்கும் மட்டக்குதிரைகள். போர்ச்சுகீசியரும் டச்சுக்காரரும் படைக்கு வளர்த்த குதிரைகளின் வாரிசுகள். லாயத்தின் தூண்கள் இன்னும் வரிசையா நிக்குது. ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்றொரு லெப்டினன்ட் இங்கே அதிகாரியா இருந்து குதிரை வளர்ப்பைப் பார்த்துக்கிட்டார். அவரைப்பற்றி ஊரில் நல்ல பேச்சு இல்லை. குதிரைப்பண்ணை முடிஞ்சதும் குதிரைகளை அப்படியே விட்டுட்டாங்க. 2015-ல் அந்தப் பகுதியைத் தேசியப் பூங்கா ஆக்கினாங்க.

இந்தக் கடலில் குதிரை வியாபாரம் இன்னும் பழசு. பக்கத்து நயினாதீவுக் கோயிலில் பராக்கிரமபாகு மன்னனின் 12-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கு. சிங்கள அரசன், வெளிநாட்டு வியாபாரிகளுக்குத் தமிழில் போட்ட சட்டம். யானை, குதிரை கொண்டு வரும் கப்பல் உடைஞ்சா கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. மற்ற வணிகக் கப்பல் உடைஞ்சா பாதிக்குப் பாதி. கரையேறி வர்ற அந்நியனை என்ன செய்யணும்னு எட்டு நூற்றாண்டுக்கு முன்னாடியே இந்தத் தீவுகளில் எழுதி வைத்திருக்காங்க.

குதிரைகள் அழகுதான். ஆனா வறட்சி வருஷங்களில் தண்ணி இல்லாமல் செத்தும் போயிருக்கு. தீவில் தண்ணி எப்படி இருக்கும்னு நம்ம கடலோரக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழைத்தண்ணி நிலத்துக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணி மேல எண்ணெய் மாதிரி மிதக்கும். கடல்மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நின்னா, கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணி தாங்கும். மேல ஒரு அடி குறைஞ்சா கீழே நாற்பது அடி உப்பு ஏறும். மோட்டார் போட்டு வேகமா இறைச்சா கிணறு கரிச்சுப் போகும். திருமலைராயன்பட்டினத்தில் யாரையாவது கேளுங்க, சொல்வாங்க.

குதிரைகளைப் பார்த்துட்டு ஒரு பூவரச நிழலில் உட்கார்ந்தோம். அப்போதான் அண்ணன் பேச ஆரம்பிச்சார்.

"உங்கட ஆக்களை எங்களுக்கு நல்லாத் தெரியும். பகலில காணமாட்டம். இரவில எஞ்சின் சத்தம் கேக்கும். விடிய வலையைப் போய்ப் பாத்தா வலை இல்லை."

அவர் தம்பி மீனவர். பின்னேரம் வலை போட்டுட்டு வந்து காலையில் எடுக்கிற தொழில். அந்த வலைமேல நம்ம இழுவைப் படகு போனா வலை கிழிஞ்சு அதோடே போயிடும். லட்சக்கணக்கில் கடன்.

இதோட வரலாறு நம்ம பக்கம் யாரும் சரியாச் சொல்றதில்லை. 1950-களில் நார்வே உதவியோடு கேரளத்தில் ஆரம்பித்து, அரசாங்கமே மானியம் கொடுத்துப் பரப்பினது இழுவைமடி. வாயை விரிச்சுக்கிட்டு கடல் தரையைத் துடைச்சுக்கிட்டே போகிற வலை. நம்ம பக்கக் கடலை அது சில பத்தாண்டுகளில் தீர்த்தது. அதே காலத்தில் அந்தப் பக்கம் போர். ஈழ மீனவர்களுக்குக் கடலுக்குப் போகத் தடை, எஞ்சின் வேகத்துக்குத் தடை. அவங்க கடல் காலியாக் கிடந்தது, நம்ம படகு போய்ப் பழகியது. 2009-ல் போர் முடிந்து அவங்க கடலுக்குத் திரும்பினப்போ நம்ம படகுகள் அங்கே நின்னுச்சு. 2017-ல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. நடுவில் பாக் ஜலசந்தியின் 1974 எல்லைக்கோடு, கச்சத்தீவு. (கச்சத்தீவு நிர்வாகத்தில் நெடுந்தீவுப் பிரிவோடு சேர்ந்தது. அந்தோணியார் திருவிழாவுக்குப் போனவங்களுக்குத் தெரியும்.)

நான் அண்ணனிடம் ஒண்ணு மட்டும் சொன்னேன். குண்டடிபட்டவங்க படகு முதலாளி இல்லை, பங்குக்குப் போன கூலி ஆட்கள். அவங்களுக்கும் கடன்தான்.

"அதுவும் தெரியும். சுட்டது பிழைதான்" என்றார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஆனா வலை போனதை உங்கட பேப்பரில போடுறேல்லை."

பதில் இல்லை என்னிடம். நீங்க போனா உங்களிடமும் கேட்பாங்க.

இப்போ அந்தப் புறாக்கூட்டுக் கேள்விக்கு வருவோம். நோயாளி எவ்வளவு நேரத்தில் போவார்?

பிரசவத்தில் தாய் ஏன் சாகிறாள் என்பதற்கு எங்க படிப்பில் "மூன்று தாமதங்கள்" என்று ஒரு கணக்கு உண்டு. 1994-ல் வந்த ஒரு கட்டுரையில் இருந்து பிரபலமானது. ஆஸ்பத்திரிக்குப் போகணும்னு முடிவெடுக்கும் தாமதம், போய்ச் சேரும் தாமதம், போன பிறகு சிகிச்சை கிடைக்கும் தாமதம். படிப்பறிவு முதல் தாமதத்தைக் குறைக்கும், நல்ல ஆஸ்பத்திரி மூன்றாவதைக் குறைக்கும். இரண்டாவது தாமதம் மேப் சம்பந்தப்பட்டது.

நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு 500 முதல் 700 மில்லி ரத்தம் போகும். குழந்தை பிறந்தபின் கர்ப்பப்பை சுருங்கலைன்னா அந்தக் குழாய்கள் திறந்தே இருக்கும். இரண்டு மணி நேரத்தில் உயிர் போகலாம். நெடுந்தீவில் ஒரு பிரதேச வைத்தியசாலை இருக்கு. ரத்தமும் ஆபரேஷன் தியேட்டரும் வேணும்னா யாழ்ப்பாணம். ஆஸ்பத்திரியில் இருந்து துறைமுகம், கடல், அப்புறம் முப்பது கிலோமீட்டருக்கு மேல ரோடு. ராத்திரியில், வாடைக்காற்றில் கணக்குப் போட்டுப் பாருங்க.

அதனால் நிறையப் பேர் தேதிக்கு முன்னாடியே யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிடுவாங்களாம். "எண்ட மனுசி ரெண்டு பிள்ளைக்கும் ஒரு மாசம் முதலே போய் இருந்தவா" என்றார் அண்ணன். நம்ம மலைக்கிராமங்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் பிரசவக் காத்திருப்பு அறை வைத்திருக்கோமே, அதை இவங்க சொந்தபந்தத்தை வைத்தே பண்ணியிருக்காங்க.

இலங்கையின் 1990 ஆம்புலன்ஸ் சேவை இந்தியா பணம் கொடுத்து 2016-ல் ஆரம்பித்தது, நம்ம 108 மாதிரியே. 2018-ல் யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. நல்ல விஷயம். ஆனா ஆம்புலன்ஸ் கடலில் ஓடாது. 2024-ல் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்குச் சூரியசக்தியும் காற்றாலையும் சேர்ந்த மின்சாரத் திட்டத்துக்கு இந்தியப் பணத்தில் ஒப்பந்தம் போட்டாங்க. அதை முதல்ல எடுத்திருந்தது ஒரு சீனக் கம்பெனி. பெரிய நாடுகள் இந்தத் தீவைத் திரும்பிப் பார்ப்பது இந்த மாதிரி சமயத்தில்தான்.

அங்கே ஆம்புலன்ஸுக்கு "நோயாளர் காவு வண்டி" என்று பெயர். காவுதல் என்றால் சுமத்தல், தோளில் தூக்கிப் போதல். நம்ம பக்கம் காவு கொடுக்கிறது என்றா வேற அர்த்தம், அதனால் முதல் தடவை போர்டைப் படிச்சப்போ திக்குனு இருந்தது. நோய்க்கு அவங்க சொல் "வருத்தம்". "அவருக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டா மனக்கவலை இல்லை, என்ன நோய்னு அர்த்தம். எம்பிபிஎஸ் படிப்பில் யாரும் சொல்லித் தராத நல்ல சொல்.

ராத்திரியில் அவசரம்னா நெடுந்தீவு நோயாளியைக் கடல்மேல் காவிக்கொண்டு போவது யார் தெரியுமா?

பல தடவை, இலங்கைக் கடற்படைதான். அவங்க வேகப்படகில் கர்ப்பிணியையும் நெஞ்சுவலிக்காரரையும் ஏற்றிக் குறிகட்டுவானில் கொண்டுபோய் விடுவாங்க. யாழ்ப்பாணப் பத்திரிகைகளில் இது அடிக்கடி வருகிற செய்தி. நமக்கு "நெடுந்தீவு அருகே" என்றால் துப்பாக்கியோடு வர்ற அதே கடற்படை, அங்கே பிரசவ வலியோடு இருக்கிற பெண்ணுக்கு ஆம்புலன்ஸ்.

"அப்போ உங்களுக்கு நேவி நல்லவங்களா?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. அண்ணன் பதில் சொல்லலை. மணியைப் பார்த்தார். "வாங்கோ, படகுக்கு நேரமாகுது. அதைக் காட்டுறன்."

மாவிலித்துறையில் காலையில் தாண்டிப்போன நினைவிடம்.

1985 மே 15. குமுதினி என்ற பயணிகள் படகு காலையில் நெடுந்தீவில் இருந்து கிளம்பியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். நாம இன்றைக்கு வந்த அதே வழி. அரசாங்க வேலைக்குப் போனவங்க, வியாபாரத்துக்குப் போனவங்க, பெண்கள், குழந்தைகள். நடுக்கடலில் இன்னொரு படகில் வந்த ஆட்கள் குமுதினியில் ஏறினாங்க. பயணிகளை ஒவ்வொருத்தரா உள்ளே கூப்பிட்டு வெட்டினாங்க, குத்தினாங்க. கத்தி, கோடரி. பிணங்களுக்கு நடுவே செத்த மாதிரி கிடந்து தப்பிச்சவங்கதான் பின்னாடி வந்து சொன்னாங்க, வந்தது கடற்படை ஆட்கள் என்று. அரசாங்கம் மறுத்தது. ஒருத்தருக்கும் தண்டனை கிடைக்கலை. செத்தவர்கள் குறைந்தது 23 என்கின்றன சில பதிவுகள். தீவு ஒவ்வொரு மே 15-ம் நினைவு கூர்வது 36 பேரை. கைக்குழந்தையும் அதில் அடக்கம்.

தீவில் எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். அந்த எண்ணிக்கையை நாலாயிரம், ஆறாயிரம் பேர் ஊரில் வைத்துப் பாருங்க.

காயம்பட்டவர்கள் போன இடம் யாழ்ப்பாண ஆஸ்பத்திரி. இரண்டே வருஷம் கழிச்சு, 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள், அதே ஆஸ்பத்திரிக்குள் புகுந்து சுட்டது அமைதிப்படை என்ற பேரில் போன நம்ம ராணுவம். நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸ்கள், ஊழியர்கள் என்று 60-க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இதை இந்தியாவில் மருத்துவம் படிச்ச எனக்கு யாரும் சொன்னதில்லை. முப்பது வயசுக்கு மேல நானாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். 2025 ஜனவரியில் நம்ம காரைக்கால் படகின் ஆட்கள் குண்டுக்காயத்தோடு படுத்திருந்ததும் அங்கேதான். அந்த வார்டில் அவங்களுக்கு டிரிப் போட்டு, டிரெஸ்ஸிங் பண்ணி, தமிழில் "வருத்தம் எப்பிடி?" என்று கேட்ட நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் நான் நன்றிக்கடன் பட்டவன்.

குமுதினிப் படகு என்ன ஆச்சு தெரியுமா?

கழுவி, பழுது பார்த்து, திரும்ப ஓட்டினாங்க. பல வருஷம் ஓடியது. வேற வழி? தீவுக்குப் படகு வேணும். புருஷனைப் பறிகொடுத்தவள் அதே படகில் ஏறித்தான் மரணச் சான்றிதழ் வாங்க யாழ்ப்பாணம் போயிருப்பாள். அப்புறம் வடதாரகை வந்தது, 2017-ல் நெடுந்தாரகை வந்தது. வடதாரகையை ஓட்டுறவங்க கடற்படை ஆட்கள்.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிஷம் நின்றார். "எண்ட சித்தப்பாவும் அதில" என்றார். அதுக்குமேல பேசலை. நானும் கேட்கலை. என் கேள்விக்குப் பதில் அதுதான்னு புரிஞ்சது.

திரும்பும் படகில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண். இருபத்தைந்து வயசு இருக்கும், ஏழாம் மாதம் இருக்கலாம். மணிக்கட்டில் கேனுலா, அதுமேல பிளாஸ்டர், மடியில் கிளினிக் அட்டை. கூட வந்த அம்மா நனையாம இருக்க அட்டையைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினாங்க. அலை கொஞ்சம் பெரிசு. கால் வீங்கியிருக்கான்னு என் கண் தானாப் போச்சு, கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. "தலையிடி இருக்கா? கண் மங்குதா?" என்று கேட்டேன். "நீங்க டொக்டரோ?" என்றாங்க அம்மா. ஆமாம்னேன். "எந்த ஆஸ்பத்திரி?"

"காரைக்கால்."

"ஓ, அங்கால" என்று கையைக் காட்டினாங்க. சரியா வடக்குப் பக்கம்தான் காட்டினாங்க.

குறிகட்டுவானில் நோயாளர் காவு வண்டி கதவைத் திறந்து வைத்து நின்றது.

போகணும்னு நினைக்கிறவங்களுக்குச் சில தகவல். ஜனவரி கடைசியில் இருந்து செப்டம்பர் வரை கடல் பரவாயில்லை. பாஸ்போர்ட், விசா விதிகளைக் கிளம்பும் முன் ஒருமுறை சரி பாருங்க. காலைப் படகில் போய்ப் பிற்பகல் கடைசிப் படகில் திரும்பணும், கடைசிப் படகு எத்தனை மணிக்குன்னு இறங்கின உடனே கேட்டு வைங்க. குடிதண்ணி இங்கிருந்தே எடுத்துட்டுப் போங்க, தீவுத் தண்ணியை நாம காலி பண்ண வேண்டாம். குதிரைக்கு பிஸ்கட் போடாதீங்க. வேலிக் கல்லை ஞாபகத்துக்குன்னு எடுத்துட்டு வராதீங்க. படகில் கையில் எக்ஸ்ரே கவரோட யாராவது ஏறினா எழுந்து இடம் கொடுங்க.

அண்ணனிடம் எந்த ஊர்னு மறைக்காம சொல்லுங்க.